பனித்தளத்தின் மேல் ஒரு கால்பந்து சீசன்

1978 டிசம்பர் 22. நியூயார்க் நகரை ஒட்டிய லாங் ஐலண்டில் உள்ள நாசோ கொலீசியம். ஐலண்டர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் வீடு அது. அன்று அங்கே ஹாக்கி இல்லை. பனித்தளத்தை மூடிப் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு கால்பந்து. கண்ணில் சட்டென்று படவேண்டும் என்பதற்காகச் சிவப்பு நிறத்தில். அதை முதலில் உதைத்தவர் கால்பந்து வீரரே அல்ல, பீட் ரோஸ் என்ற பேஸ்பால் நட்சத்திரம். சின்சினாட்டி கிட்ஸ் அணியின் உரிமையில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர் உதைத்து என்ன பயன், நியூயார்க் ஏரோஸ் அணி அன்று கிட்ஸை 7-2 என்று வீழ்த்தியது.

மேஜர் இண்டோர் சாக்கர் லீக் என்ற உள்ளரங்கக் கால்பந்து லீக்கின் முதல் ஆட்டம் அது. கால்பந்து என்றாலே திறந்த மைதானமும் புல்தரையும் நினைவுக்கு வருகிற நமக்கு இதில் பல கேள்விகள் எழும். டிசம்பர் குளிரில் ஏன் தொடங்கினார்கள்? ஏழு கோல் எப்படி விழுந்தது? பந்தைச் சுவரில் அடிக்கலாமா? ஒரு சீசன் என்றால் எத்தனை ஆட்டம், யார் சாம்பியன், எப்படி முடிவு செய்கிறார்கள்? இவற்றுக்கெல்லாம் விடை அநேகமாக ஒரே இடத்தில் இருக்கிறது. கம்பளத்துக்குக் கீழே, அந்தப் பனித்தளத்தில்.

அரங்க முதலாளியின் கணக்கிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய நகரம் ஒவ்வொன்றிலும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் பேர் அமரக்கூடிய மூடிய அரங்கம் ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்கும் கட்டியவை. ஹாக்கி அணி ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆடுவது நாற்பது ஆட்டங்கள் சொச்சம். இசை நிகழ்ச்சி, சர்க்கஸ் எல்லாம் சேர்த்தாலும் ஆண்டில் பல இரவுகள் அரங்கம் விளக்கு அணைந்து கிடக்கும். விளக்கு அணைந்தாலும் பராமரிப்புச் செலவு நிற்காது. கல்யாண மண்டபம் நடத்துபவர்கள் ஆடி மாதத்தில் படுகிற கவலைதான்.

இன்னொரு பக்கம், வட அமெரிக்காவின் திறந்தவெளிக் கால்பந்து லீக் வசந்தத்தில் தொடங்கிக் கோடைக்குப் பின் முடிந்துவிடும். அதன் வீரர்களுக்குக் குளிர்காலம் முழுக்க வேலை இல்லை. காலியான கட்டடம், சும்மா இருக்கும் வீரர்கள், வெளியே போக இடமில்லாமல் வீட்டில் அடைந்து கிடக்கும் ஜனங்கள். இந்த மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட யாராவது வரவேண்டியிருந்தது.

வந்தவர்கள் இருவர்: ஏர்ல் ஃபோர்மன், எட் டெப்பர். டெப்பருக்கு அந்த எண்ணம் வந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது 1974 பிப்ரவரி 11 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில் நடந்த ஒரு காட்சி ஆட்டம். மாஸ்கோவிலிருந்து வந்த சோவியத் ராணுவ அணியும் உள்ளூர் ஃபிலடெல்ஃபியா ஆட்டம்ஸ் அணியும் மோதின. 6-3 என்று சோவியத் அணி வென்றது. தோற்றது சொந்த அணி. ஆனாலும் 11,790 பேர் வந்து பார்த்திருந்தார்கள். கால்பந்தை அரைகுறையாகத்தான் அறிந்த ஒரு நாட்டில், பனிக்கால இரவில் இத்தனை பேர்! வியாபாரம் தெரிந்தவருக்கு அந்த ஓர் எண் போதும்.

இனி ஆடுகளம். ஐஸ் ஹாக்கித் தளத்தின் வழக்கமான அளவு 200 அடி நீளம், 85 அடி அகலம். மூலைகள் வளைந்திருக்கும். சுற்றிலும் இடுப்புக்கு மேல் வரும் பலகைச் சுவர், அதன்மேல் கெட்டியான கண்ணாடித் தடுப்பு. கால்பந்துக்காக இவற்றில் எதையும் இடித்து மாற்றவில்லை. பனியை உருக்குவதும் இல்லை. மறுநாள் ஹாக்கி இருக்கிறதே. பனியின் மேல் குளிர் ஏறாத பலகைகளை அடுக்கி, அதற்கு மேல் செயற்கைப் புல் சுருள்களை விரித்துவிடுவார்கள். சுவர் அப்படியே நிற்கும். கோல் சுவருக்குள்ளேயே பள்ளமாகப் பதிந்திருக்கும். முழு அளவுக் கால்பந்து மைதானத்தின் பரப்பில் நான்கில் ஒரு பங்குகூட இந்தக் களத்துக்கு வராது.

இவ்வளவு சிறிய இடத்தில் பதினோரு பேரை இறக்கினால் சந்தை நெரிசல் ஆகிவிடும். எனவே ஓர் அணிக்கு ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. ஹாக்கியிலும் ஆறு பேர்தான் என்பது தற்செயல் இல்லை.

அடுத்தது சுவர். உள்ளரங்கக் கால்பந்தை முதன்முதலில் பார்க்கிறவர் திகைப்பது இதில்தான். பந்து சுவரில் பட்டால் ஆட்டம் நிற்காது. திரும்பி வந்து ஆட்டத்திலேயே இருக்கும். கண்ணாடியைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போனால் மட்டுமே வெளியே. எனவே பக்கக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு மூச்சு வாங்குகிற வேலை இங்கே நடக்காது. பத்து நிமிடம் பார்த்தாலே, சுவரும் ஏழாவது ஆட்டக்காரர் என்பது தெரிந்துவிடும்.

நம் ஊரில் வலை கட்டிய டர்ஃப் மைதானங்களில் ஐந்து பேர் ஆட்டம் ஆடியவர்களுக்கு இது பாதி பழக்கம். ஆனால் வலை பந்தின் வேகத்தை உறிஞ்சிவிடும். பலகைச் சுவர் அப்படியே திருப்பித் தரும். கேரம் பலகையின் ஓரத்தில் அடித்துக் காயைக் குழிக்குள் தள்ளுவதுபோல, நல்ல உள்ளரங்க வீரர் எதிரே நிற்கும் தடுப்பாளரின் பக்கமாகச் சுவரில் பந்தைச் சாய்த்து அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடித் தானே வாங்கிக்கொள்வார். தனக்குத் தானே பாஸ். கோலுக்குப் பக்கத்துச் சுவரில் வேண்டுமென்றே ஓங்கி அடித்து, திரும்பி வரும் பந்தைக் கூட்டாளி ஒருவர் கோலுக்குள் தட்டிவிடுவதும் உண்டு. கூட்டத்தில் புதிதாக வந்திருப்பவர் 'குறி தவறிவிட்டது' என்று உச்சுக்கொட்டும் அதே நொடியில் கோல் விழுந்திருக்கும்.

ஃபுட்சால் வேறு, இது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபுட்சால் தென் அமெரிக்காவில் பிறந்தது, ஃபிஃபாவின் அங்கீகாரம் உடையது, ஐந்து பேர் ஆடுவது. சிறிய, துள்ளல் குறைந்த பந்து; சுவர் கிடையாது, கோடுதான் எல்லை. உள்ளரங்க சாக்கர் வட அமெரிக்க ஹாக்கி அரங்கத்தின் பிள்ளை. ஃபுட்சால் நுணுக்கத்தில் நேர்த்தியானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆரவாரத்துக்கு இதுதான் என் கட்சி.

ஹாக்கி தந்த இன்னொரு சீதனம், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாற்றுவது. ஆட்டம் நான்கு கால்பகுதிகளாக, பகுதிக்கு 15 நிமிடம் நடக்கிறது. ஆனால் இந்த வேகத்தில் ஒருவரால் ஓரிரு நிமிடத்துக்கு மேல் முழு மூச்சாக ஓட முடியாது. எனவே நடுவரிடம் கேட்காமல், விசில் ஊதாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பதிவான ஆட்டம் ஒன்று கிடைத்தால் ஒருமுறையாவது பந்தை விட்டுவிட்டு அணியின் இருக்கைப் பக்கம் பாருங்கள். களத்தில் இருப்பவர் தன் அணிக்குப் பந்து கிடைத்ததும் ஓரக்கண்ணால் பெஞ்சைப் பார்க்கிறார். பயிற்சியாளர் ஒரு பெயரைக் கத்துகிறார். பெயருக்குரியவர் ஏற்கெனவே ஒரு கையைச் சுவரின் விளிம்பில் ஊன்றி நிற்கிறார். ஓடி வருபவர் சுவரைத் தொடும் தறுவாயில் இவர் தாவிக் குதித்துவிடுகிறார். மொத்தம் இரண்டு மூன்று நொடி. வந்தவர் பெஞ்சில் தலைகுனிந்து அமர்ந்து, தண்ணீர் குடித்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி சுவரில் கை வைத்து நிற்பார். தப்பான நேரத்தில் மாற்றினால் நான்கு பேராகச் சிக்கிக் கோல் வாங்க நேரிடும். ஆள் கூடுதலாக இருந்தால் அபராதம். இந்த மாற்றத்தை ஒழுங்காகச் செய்யும் அணியே கடைசிக் கால்பகுதியில் கால் தளராமல் நிற்கும்.

குற்றத்துக்குத் தண்டனையும் ஹாக்கி வழிதான். மஞ்சள், சிவப்போடு நீல அட்டை ஒன்றும் உண்டு. முரட்டுத்தனமாகத் தடுக்கி விழுத்துவது, எதிராளியைச் சுவரோடு சேர்த்து மோதுவது போன்றவற்றுக்கு நீல அட்டை காட்டினால் அந்த வீரர் ஓரத்தில் உள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் போய் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அவருடைய அணி ஒருவர் குறைவாக ஆடும். இதற்குப் பவர் பிளே என்று பெயர். கிரிக்கெட்டில் கேட்டுப் பழகிய பெயர்தான். இங்கே பொருள் வேறு. அந்த இரண்டு நிமிடத்துக்குள் எதிரணி கோல் அடித்துவிட்டால் கூண்டில் இருப்பவர் உடனே வெளியே வந்துவிடலாம். தான் செய்த தவறுக்குக் கோல் விழுவதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு களத்துக்குத் திரும்புகிறவரின் முகத்தைக் காட்டாமல் எந்தக் கேமராவும் விடுவதில்லை.

மூன்று கோட்டு விதி ஒன்றும் உண்டு. களத்தின் குறுக்கே போட்டிருக்கும் மூன்று கோடுகளையும் தாண்டி, நடுவில் யார் மேலும் சுவரிலும் படாமல், பந்தை முன்னோக்கி ஆகாயத்தில் அனுப்பக் கூடாது. இல்லையென்றால் கோல்கீப்பர் ஒரே உதையில் பந்தை எதிர்க் கோலின் முன்னால் இறக்கிவிட்டுப் போய்விடுவார், நடுக்களத்தில் யாருக்கும் வேலை இருக்காது. ஆஃப்சைடு என்ற தலைவலி மட்டும் இந்த ஆட்டத்தில் கிடையாது. புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

ஆட்டம் புரிந்துவிட்டது. இவற்றைக் கோத்து ஒரு சீசனாக்குவது எப்படி?

லீக் என்றால் ஓர் அணி இன்னோர் அணியோடு பலமுறை மோதும், பாதி ஆட்டம் சொந்த ஊரில், பாதி வெளியூரில். இதெல்லாம் எங்கும் உள்ளதுதான். உள்ளரங்க லீக்கின் அட்டவணை போடுகிறவருக்கு வாய்க்கும் தனிச் சோதனை, அரங்கம் தன்னுடையது அல்ல என்பது. முதலில் ஹாக்கி அணி தன் தேதிகளை எடுத்துக்கொள்ளும். பிறகு கூடைப்பந்து. பிறகு இசைக்குழுக்களும் ஐஸ் மீது நடனமாடும் குழுக்களும். மீதம் விழுகிற தேதிகள்தான் கால்பந்துக்கு. அந்த மீதத்திலும் வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளுக்குத்தான் அடிபிடி. குடும்பத்தோடு டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் அந்த மாலைகளில்தான் வருவார்கள். ஓர் அணி மூன்று வாரம் தொடர்ந்து வெளியூரில் அலைவதற்கும், பிறகு பத்து நாளில் நான்கு ஆட்டம் சொந்த ஊரில் ஆடுவதற்கும் பயிற்சியாளரின் திட்டம் காரணமாக இருக்காது, சர்க்கஸ் வந்திருப்பது காரணமாக இருக்கும்.

முதல் சீசனையே எடுத்துக்கொள்வோம். 1978-79இல் ஆறு அணிகள்: நியூயார்க் ஏரோஸ், ஹூஸ்டன் சம்மிட், சின்சினாட்டி கிட்ஸ், ஃபிலடெல்ஃபியா ஃபீவர், கிளீவ்லாந்து ஃபோர்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்பிரிட். ஒவ்வொன்றுக்கும் 24 ஆட்டங்கள். சமநிலை என்பதே இல்லை. கூடுதல் நேரம் ஆடியாவது ஒருவர் வென்றாக வேண்டும். அமெரிக்க ரசிகருக்கு டிரா என்ற முடிவைப் பார்த்தாலே ஏதோ பாதி சாப்பாட்டில் இலையை எடுத்துவிட்டது போலிருக்கும். எனவே புள்ளிப் பட்டியலும் எளிது: வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை. ஹூஸ்டன் 18 வென்று 6 தோற்றது. சின்சினாட்டி 17-7. நியூயார்க் 16-8. ஃபிலடெல்ஃபியா 11-13. கிளீவ்லாந்தும் பிட்ஸ்பர்க்கும் ஆளுக்கு 5-19.

ஐரோப்பியக் கால்பந்தைப் பார்த்து வளர்ந்தவர் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஹூஸ்டன்தான் சாம்பியன் என்று எழுந்து போய்விடுவார். அமெரிக்காவில் அப்படி இல்லை. 24 ஆட்டங்களும் தகுதிச் சுற்று மாதிரிதான். அதில் முன்னால் வரும் அணிகள் பிளே ஆஃப் என்ற இரண்டாம் கட்டத்துக்குப் போகும். நம் ஐபிஎல் ரசிகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு இறுதிக்கு வந்த இரண்டு அணிகள் எவை? 16-8 நியூயார்க்கும், வென்றதைவிடத் தோற்றது அதிகமான 11-13 ஃபிலடெல்ஃபியாவும். பட்டியலின் உச்சியில் இருந்த ஹூஸ்டன் வேடிக்கை பார்த்தது. கோப்பையை நியூயார்க் எடுத்துக்கொண்டது.

இது நியாயமா என்று கேட்டால், எனக்கு இல்லையென்றே படுகிறது. மாதக்கணக்கான உழைப்பை ஓரிரு இரவுகள் அழித்துவிடுகின்றன. ஆனால் டிக்கெட் விற்கிறவர் பக்கமிருந்து பாருங்கள். மார்ச் மாதத்தில் நான்காம் இடத்தில் இருக்கும் அணிக்கும் கோப்பைக் கனவு உயிரோடிருந்தால்தான் அந்த ஊர் ஜனம் அரங்குக்கு வரும்.

நியூயார்க் ஏரோஸ் அந்தக் கோப்பையோடு நிற்கவில்லை. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள். அதே கட்டடத்தில் ஆடிய ஐலண்டர்ஸ் ஹாக்கி அணியும் 1980 முதல் 1983 வரை வட அமெரிக்க ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையைத் தொடர்ந்து நான்கு முறை வென்றது. அரங்கத்துக்கு ஏதோ நல்ல நேரம்.

ஏரோஸின் வெற்றிக்கு ஒரு மனிதரை முக்கியக் காரணமாகச் சொல்ல வேண்டும். ஸ்டீவ் சுங்குல். அன்றைய யூகோஸ்லாவியாவின் ஹைடுக் ஸ்பிளிட் அணிக்கு ஆடியவர், நாட்டின் தேசிய அணிக்கும் ஆடியவர். 1978 கடைசியில் அமெரிக்கா வந்தவர், கட்டாய ராணுவச் சேவைக்குத் திரும்பிப் போகவில்லை. யூகோஸ்லாவியக் கால்பந்துச் சங்கம் அனுமதிச் சீட்டு தர மறுத்தது. ஃபிஃபாவின் கையெட்டும் திறந்தவெளிக் கால்பந்தில் அவர் எங்கும் ஆட முடியாது. உள்ளரங்க லீக்கோ ஃபிஃபாவின் குடையின் கீழ் இல்லை. வெளியே கதவு சாத்தப்பட்டவர் உள்ளே வந்து ராஜாவானார். 1979-80 சீசனில் 32 ஆட்டங்களில் 90 கோல். அதற்கடுத்த சீசனில் 40 ஆட்டங்களில் 108. உள்ளரங்கங்களின் தலைவன் என்று பட்டம் கட்டிக் கூப்பிட்டார்கள். அந்த லீக்கில் அவர் மொத்தம் அடித்தது 652 கோல். சில ஆண்டுகள் கழித்து அனுமதி கிடைத்துத் திறந்தவெளியில் ஆடியபோது, 1984இல் வட அமெரிக்க லீக்கின் சிறந்த வீரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுவர் இருந்தால்தான் ஆடத் தெரியும் என்று பேசியவர்கள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

மேலே உள்ள எண்களில் ஒன்றை மறுபடி பாருங்கள்: 24 ஆட்டம், 32, 40. சீசன் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போனது. எண்பதுகளின் நடுவில் 48, 1986-87இல் 52, அடுத்த சீசனில் 56. கூட்டம் வருகிறது, எனவே இன்னும் நாலு ஆட்டம் கூட்டுவோம் என்ற கணக்கு. விளக்கை அணைத்து, புகை கிளப்பி, இசை முழங்க வீரர்களை ஒவ்வொருவராக ஓடவிடுகிற அறிமுகக் காட்சியைக் கண்டு வாய்பிளந்தவர்கள் அன்று ஏராளம். செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டீமர்ஸ் என்ற கால்பந்து அணிக்கு அதே அரங்கில் ஆடிய ஹாக்கி அணியைவிட அதிகக் கூட்டம் வந்த சீசனும் உண்டு. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை மிஞ்சிய கதை.

நீண்ட சீசன் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1987 இறுதிப் போட்டி ஒன்று போதும். டல்லாஸ் சைட்கிக்ஸுக்கும் டகோமா ஸ்டார்ஸுக்கும் இடையே ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு வெல்பவருக்குக் கோப்பை. ஆளுக்கு மூன்று வென்று ஏழாவது ஆட்டம்வரை வந்துவிட்டது. தேதி ஜூன் 20. பனிக்காலப் பொழுதுபோக்காகப் பிறந்த ஆட்டம், வெளியே கோடை வெயில் அடிக்கும்போது இன்னும் முடியவில்லை! ஆனால் அந்த இரவு டகோமா டோமில் 21,728 பேர் நிறைந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஏறக்குறைய சொந்த அணிக்காகக் கத்துகிறவர்கள். டல்லாஸ் பின்தங்கியிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் பயிற்சியாளரிடம் ஒரு துருப்பு உண்டு. கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கால் வல்ல ஒருவரை, கோல்கீப்பர் சட்டை மாட்டி இறக்குவது. ஆறாவது தாக்குதல்காரர் என்பார்கள். ஆறு பேரும் தாக்குவார்கள். பின்னால் கோல் திறந்து கிடக்கும். பந்து பறிபோனால் எதிரணி அரைக்களத்திலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே போய்விடும். சொத்தை அடகு வைத்துச் சீட்டாடுவது மாதிரிதான். கடைசி நிமிடங்களில் பின்தங்கிய அணி எப்போது கோல்கீப்பரை எடுக்கப்போகிறது என்று கூட்டம் இருக்கையின் நுனிக்கு வந்துவிடும்.

டல்லாஸ் மூன்றுக்கு மூன்று என்று சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் அடிப்பவருக்கே வெற்றி. அடித்தவர் மார்க் கார்ப்பன். 4-3. இருபத்தோராயிரம் பேர் வாயடைத்துப்போக, ஒரு சின்னக் கூட்டம் மட்டும் கம்பளத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்துகொண்டிருந்தது.

அந்த டல்லாஸ் அணியின் செல்லப்பிள்ளை டாட்டு என்று அழைக்கப்பட்ட பிரேசில்காரர். ஒவ்வொரு முறை கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசிவிடுவார். திறந்தவெளிக் கால்பந்தில் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை காட்டுகிற காலத்தில் வாழும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்த சீசனில் அவர்தான் லீக்கின் சிறந்த வீரர். அணியின் சட்டைச் செலவைத்தான் யாரும் கணக்கு வைத்ததாகத் தெரியவில்லை.

டல்லாஸின் அந்தக் கோப்பை ஏன் பெரிது என்றால், அந்தக் காலம் முழுக்க சான் டியேகோ சாக்கர்ஸ் என்ற அணியின் காலம். ரான் நியூமன் என்ற ஆங்கிலேயர் அதன் பயிற்சியாளர். 1982 முதல் 1992 வரையிலான பதினோரு ஆண்டுகளில் பத்து உள்ளரங்கப் பட்டங்கள் அவர்களுக்கு; 1982 பட்டம் உட்படச் சில, திறந்தவெளி லீக் குளிர்காலத்தில் தனியாக நடத்திய உள்ளரங்கப் போட்டியில் வென்றவை. தப்பிய ஒரே ஆண்டு 1987.

இப்படிக் கூட்டம் வந்த லீக் ஏன் நிலைக்கவில்லை? ஆட்டம் கூடக் கூடப் பயணச் செலவும் சம்பளமும் கூடின, டிக்கெட் வருமானம் அதே வேகத்தில் கூடவில்லை. அரங்கம் சொந்தம் இல்லாததால் வாகன நிறுத்தக் கட்டணமும் சிற்றுண்டிக் கடை லாபமும் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத்தான். பெரிய தொலைக்காட்சிப் பணமும் நிலையாக வரவில்லை. 1988 கோடையில் பல அணிகள் ஒரே மூச்சில் கடையைக் கட்டின; லீக்கே அந்த ஆண்டு தப்பிப் பிழைத்தது பெரிய காரியம். 1992இல் அது மூடப்பட்டது. முதல் சீசனில் 17 ஆட்டம் வென்ற சின்சினாட்டி கிட்ஸ் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஒரே சீசனோடு போய்விட்டது.

உள்ளரங்க லீக்கைப் பின்தொடர்கிறவர் பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் முதல் கேள்வி யார் பலசாலி என்பதாக இருக்காது, யார் இன்னும் இருக்கிறார்கள் என்பதாகத்தான் இருக்கும். பழைய பெயரிலேயே புது லீக் பிறக்கும். செத்த அணியின் பெயரை வேறொருவர் வாங்கி உயிர் கொடுப்பார். இன்று டகோமா ஸ்டார்ஸ், சான் டியேகோ சாக்கர்ஸ் என்று கேட்டால், பெயர் பழையதாகவும் நிறுவனம் புதியதாகவும் இருக்கும். பழைய முடிவுகளைப் புரட்டும்போது ஓர் எச்சரிக்கையும் உண்டு. எண்பதுகளில் தொடங்கிய இன்னொரு லீக்கில் தூரத்திலிருந்து அடித்த கோலுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்தார்கள். கூடைப்பந்தைப் பார்த்து வந்த ஆசை. அங்கே ஓர் ஆட்டம் 20-14 என்று முடிந்திருந்தால் முப்பத்துநாலு கோல் விழுந்தது என்று மலைக்க வேண்டாம்.

இப்போது இருப்பது மேஜர் அரீனா சாக்கர் லீக். 2014இல் இரண்டு லீக்குகளின் அணிகள் ஒன்றுசேர்ந்து இந்த வடிவம் வந்தது. அமெரிக்க அணிகளோடு மெக்சிகோவின் அணிகளும் ஆடியிருக்கின்றன; சிவாவா சாவேஜ் என்ற மெக்சிகோ அணி 2023, 2024 ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கோப்பை வென்றது. கோப்பைக்குப் பெயர், நாம் மேலே பார்த்த அதே ரான் நியூமனுடையது. சீசன் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது: நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில் ஆரம்பம், வசந்தத்தில் முடிவு, பொதுவாக அணிக்கு 24 ஆட்டம். ஐம்பத்தாறு என்ற பேராசையை யாரும் மறுபடி கிளப்பவில்லை.

பிளே ஆஃபில் மட்டும் ஒரு புது விசித்திரம். இரண்டு அணிகள் ஆளுக்கு ஓர் ஆட்டம் சொந்த ஊரில் ஆடும். ஆளுக்கு ஒன்று வென்றால் மூன்றாவது ஆட்டத்துக்கு வேறு தேதி தேட மாட்டார்கள். இரண்டாவது ஆட்டம் முடிந்த கையோடு, அதே இரவு, அதே கம்பளத்தில், 15 நிமிடக் குட்டி ஆட்டம் ஒன்று. அதில் வென்றவர் மேலே போவார். ஒரு மணி நேரம் ஓடிக் களைத்து ஆட்டத்தை வென்றவர்கள், குளிக்கக்கூடப் போகாமல் மறுபடி வரிசையில் நிற்பார்கள். அரங்கத்தில் இன்னொரு தேதி கிடைப்பது எவ்வளவு கஷ்டம், இன்னொரு விமானப் பயணத்துக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த விதியின் ஊற்றுக்கண் எது என்பதில் சந்தேகம் வராது.

எந்த அணியைப் பின்தொடரலாம் என்று கேட்டால் நான் மில்வாக்கி வேவ் என்பேன். 1984இல் தொடங்கியது. லீக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தபோதும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி இன்றுவரை வந்துவிட்டது. அமெரிக்காவில் இடைவிடாமல் இயங்கும் தொழில்முறைக் கால்பந்து அணிகளில் மிகப் பழையது அதுதான். நகரின் நடுவில் உள்ள பாந்தர் அரீனாவில் ஆடுகிறது. மில்வாக்கி அட்மிரல்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கும் வீடு அதே கட்டடம். ஓர் இரவு கால்பந்து முடிந்து கூட்டம் கலைந்ததும் ஊழியர்கள் உள்ளே வருவார்கள். பச்சைச் சுருள்களை ஒரு முனையிலிருந்து உருட்டிக்கொண்டே போவார்கள். கோல்களைக் கழற்றுவார்கள், பலகைகளைத் தூக்கி அடுக்குவார்கள். கீழே பனி, வைத்தது வைத்தபடி, வெள்ளையாகக் கிடக்கும்.